முதுகில் தண்ணீர், தூரத்தில் மறைவிடம்

ஓட்டக்காரர்களும் சைக்கிள்காரர்களும் மலையேறுபவர்களும் முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை ஒன்று உண்டு. உள்ளே ஒன்றரை, இரண்டு அல்லது மூன்று லிட்டர் பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் தோளுக்கு மேலே வளைந்து வாயருகே வரும். நுனியைக் கடித்து உறிஞ்சினால் தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும். இடுப்பில் சின்னக் குப்பிகளைச் செருகிக்கொள்ளும் பெல்ட், உள்ளங்கையோடு சேர்த்து வார் போட்டுக் கட்டும் பாட்டில் என்று இதற்கு உறவுக்காரப் பொருள்களும் இருக்கின்றன. தூத்துக்குடி முத்துநகர் கடற்கரைப் பக்கம் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் சிலரிடம் இப்போது இவற்றைப் பார்க்கிறேன்.

பெண்களின் கட்டுரைத் தொகுப்பில் ஒரு விளையாட்டுப் பொருளுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். நாவலையும் திரைப்படத்தையும் விமர்சனம் செய்வதுபோல ஒரு பொருளையும் விமர்சனம் செய்ய முடியும் என்பது என் எண்ணம். அதைச் செய்தவர் யாருடைய உடலை மனதில் வைத்திருந்தார்? அந்த உடலுக்குத் தண்ணீர் குடிப்பதில் என்ன தடை இருப்பதாக நினைத்தார்? எந்தத் தடை அவர் நினைப்புக்கு வரவே இல்லை? இந்த மூன்று கேள்விகளோடு தண்ணீர்ப் பையை எங்கள் ஊருக்கு, அதாவது உப்பளத்துக்கு, எடுத்துப்போய்ப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அது பிறந்த கதை. 1989-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள விசிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில், ஆகஸ்ட் மாத வெயிலில் நூறு மைல் சைக்கிள் ஓட்டம் நடந்தது. அதில் கலந்துகொண்ட மைக்கேல் ஐட்சன் அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர். மருத்துவமனையில் நரம்பில் ஏற்றும் திரவப் பை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதை நீளமான காலுறைக்குள் நுழைத்து, தன் சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டார். குழாயைத் தோளுக்கு மேலே எடுத்து, துணி காயப்போடும் கிளிப்பால் மடக்கிக்கொண்டார். கேமல்பேக் என்ற நிறுவனம் அதிலிருந்துதான் வளர்ந்தது. பெயரிலேயே ஒட்டகத்தின் முதுகு இருக்கிறது.

இந்தக் கதையில் தடை எது? கை. சைக்கிளின் கைப்பிடியை விட்டால் வேகம் குறையும், பாட்டிலை எடுக்கக் குனிந்தால் தடுமாறும். ஆகவே கையை உபயோகிக்காமல், நிற்காமல் குடிக்க வழி செய்தார். நல்ல தீர்வு. அந்த உடலுக்கு வேறு தடை இல்லை. தண்ணீர் வீட்டுக் குழாயில் வருகிறது. வெயிலில் இருப்பது அவராகத் தேர்ந்துகொண்டது. நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்தலாம். குடித்த தண்ணீரை எங்கே கழிப்பது என்பது கவலையே இல்லை.

விளையாட்டிலும்கூட, தண்ணீரைக் கொண்டுவரும் பொறுப்பு ஓடுகிறவர் தலையில் இல்லை. பத்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை ஓட்டங்களில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது உலகத் தடகள விதி. வைக்க வேண்டியவர் போட்டியை நடத்துகிறவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய ஓ. பி. ஜெய்ஷாவை நினைவிருக்கலாம். 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில் 89-ஆவதாக முடித்து, எல்லைக்கோட்டருகே சுருண்டு விழுந்தார். இந்திய மேசைகளில் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை என்றார் அவர். தனிப் பானம் வேண்டாம் என்று அவரும் பயிற்சியாளரும்தான் சொன்னார்கள் என்றது தடகளக் கூட்டமைப்பு. யார் சொன்னது சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த விவாதம் எந்த வடிவத்தில் நடந்தது என்பதைத்தான் பார்க்கிறேன். ‘நீ ஏன் முதுகில் தண்ணீர் கட்டிக்கொண்டு ஓடவில்லை?’ என்பது அங்கே கேள்வியாக இல்லை. மேசையருகே யார் நின்றிருக்க வேண்டும் என்றுதான் நாடு கேட்டது. ஓடும் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுப்பது ஒரு நிறுவனத்தின் கடமை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அதே கேள்வியை முத்தையாபுரத்துக்கும் முள்ளக்காட்டுக்கும் வேப்பலோடைக்கும் கொண்டுவருவோம்.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடிக் கரையில் விளைகிறது. மழை ஓய்ந்து பாத்தி மிதித்துச் சீராக்கியது முதல் அடுத்த மழை வரை வேலை. வெயில் எவ்வளவு கொடியதோ அவ்வளவு விளைச்சல். மற்ற வேலைகளில் வெயில் ஓர் இடையூறு. இங்கே வெயில்தான் மூலப்பொருள், ஆகவே வெயிலை விட்டு ஒதுங்கி இந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால்தான் நள்ளிரவு கழிந்து இருட்டிலேயே வேலைக்குக் கிளம்புகிறார்கள். வாருபலகையால் உப்பை இழுத்துச் சேர்ப்பதும், பெட்டியிலோ சட்டியிலோ அள்ளித் தலையில் ஏற்றித் தட்டுமேட்டுக்குச் சுமந்து அம்பாரமாகக் குவிப்பதும் வேலை. சுமப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் சும்மாடு, அதற்கு மேல் சுமை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரம் கிடையாது. காலுக்குக் கீழே முழுவதும் நீர், ஒரு சொட்டும் குடிக்க முடியாது. ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து இந்த மக்களோடு பழகிக் களஆய்வு செய்து ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதி வெளியிட்ட ஆண்டு 1979. அதற்குப் பிறகு மோட்டார் வந்தது, லாரி வந்தது, சில இடங்களில் இயந்திரமும் வந்தது. சும்மாடு போகவில்லை.

இந்தப் பெண்கள் தண்ணீரை எப்படிக் கொண்டுபோகிறார்கள்? குளிர்பானம் தீர்ந்த இரண்டு லிட்டர் பாட்டிலில். அல்லது நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கேனில். அது தட்டுமேட்டு ஓரத்தில், எதன் நிழலிலாவது கிடக்கும். வெயில் ஏறியபின் அந்தத் தண்ணீரும் சுடும்.

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெயிலில் உழைக்கிறவர்களுக்குச் சொல்லும் அளவு, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ 240 மில்லிலிட்டர். மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மணி நேர வேலைக்கு நாலு லிட்டருக்கு மேல் வேண்டும். இரண்டு லிட்டர் பை போதாது, நடுவே நிரப்ப வேண்டும். நிரப்பக் குழாய் வேண்டும். அந்தக் குழாய் உப்பளத்தில் எங்கே இருக்கிறது? தாமிரபரணித் தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்குக் குழாயில் வருகிற மாவட்டம் இது. 20 எம்ஜிடி திட்டம் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைத் தூரம் கடத்தத் தெரியாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் நிறுவனமோ அரசோ ஆளுக்கொரு தண்ணீர்ப் பை வாங்கிக் கொடுத்தால் என்ன? உப்பளத் தொழிலாளர்களுக்குக் கண்ணாடியும் காலுக்கு பூட்சும் கொடுத்த பழக்கம் இருக்கிறது, அதோடு இதையும் சேர்க்கலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் எனக்குத் தயக்கம் வருகிறது.

அந்தப் பையின் பெருமையே நிற்காமல் குடிக்கலாம் என்பது. பந்தயத்தில் நிற்காமல் இருந்தால் ஓடுகிறவருக்கு லாபம். கூலி வேலையில் நிற்காமல் இருந்தால் யாருக்கு லாபம்? தலைச்சுமை தூக்கும் பெண்ணுக்குத் தண்ணீர் குடிக்கப் போவதுதான் சுமையை இறக்கி நிமிரக் கிடைக்கும் ஒரே சாக்கு. கங்காணி முகம் சுளித்தாலும் தாகத்துக்குப் போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. அந்த இரண்டு நிமிடத்தில் கழுத்து ஆறும், மூச்சு சீராகும், பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசலாம். குழாயை வாயோடு கட்டிவிட்டால் அந்தச் சாக்கும் போய்விடும். தண்ணீர்தான் முதுகிலேயே இருக்கிறதே, அப்புறம் ஏன் நிற்கிறாய்?

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பாதுகாப்பு அலுவலகம் 2011-இல் தொடங்கிய வெப்பப் பாதுகாப்புப் பிரசாரத்தின் முழக்கம் மூன்று சொற்கள்: தண்ணீர், ஓய்வு, நிழல். மூன்றும் சேர்ந்தால்தான் மருந்து. உடம்புக்குள் வேலையால் உண்டாகும் சூடு ஓய்வில்தான் தணியும், குடிப்பதால் மட்டும் தணியாது. தண்ணீர்ப் பை முதல் சொல்லைக் கொடுத்து இரண்டாவது சொல்லைப் பிடுங்கிக்கொள்ளக்கூடிய பொருள். பையின் மேல் குற்றமில்லை. யார் யாருக்கு மாட்டிவிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம்.

அந்த மூன்று சொற்களிலும் ஒரு சொல் குறைகிறது. அது எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. ஓட்டப் பயிற்சி எடுக்கும் மாணவி ஒருத்தி வைத்திருந்த பையை உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் காட்டினேன். குழாயை இழுத்துப் பார்த்தார், கடித்துப் பார்த்தார், சிரித்தார். “ஏ டீச்சர், குடிக்கதுக்குக் குழா வச்சிருக்கான், சரி. போறதுக்கு எங்க வச்சிருக்கான்?” என்றார்.

எத்தனையோ விளம்பரங்களும் மதிப்புரைகளும் தொடாத கேள்வி இது. உப்பளம் சமதளம். புதர் இல்லை, சுவர் இல்லை. ஆண்கள் திரும்பி நின்றால் முடிந்தது. பெண்கள் இருட்டில் போய்விட்டு வந்து, வேலை முடிந்து வீடு திரும்பும்வரை அடக்குகிறார்கள். அடக்க வேண்டுமானால் குடிக்கக் கூடாது. அவர்களிடம் பாட்டில் இருக்கிறது, பாட்டிலில் தண்ணீரும் இருக்கிறது, கையும் சும்மாதான் இருக்கிறது. ஆனாலும் குடிப்பதில்லை. மாதவிலக்கு நாட்களில் நிலைமை இன்னும் மோசம். கொள்கலனை மாற்றினால் தீரும் பிரச்சினை இல்லை இது.

இதன் விலையை மருத்துவ ஆய்வுகள் எழுதத் தொடங்கியிருக்கின்றன. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைத்தார்கள். 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெப்பமும் கழிப்பறை இல்லாமையும் சேர்ந்து உழைக்கும் பெண்களின் உடலை என்ன செய்கின்றன என்று 2016-இலேயே அதே குழு எழுதியிருக்கிறது. நீர்க்கடுப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் நோய்க்கு இங்கே பணியிட வரலாறு உண்டு. ஐட்சன் மருத்துவமனைப் பையை எடுத்துச் சட்டையில் தைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். எங்கள் பெண்கள் வேலையிடத்திலிருந்து நேரே அந்தப் பையிடம் போய்ப் படுக்கிறார்கள். ‘குளுக்கோஸ் ஏத்திட்டு வந்தேன்’ என்பது உப்பளக் குடும்பங்களில் புதிய செய்தி இல்லை.

நிறையக் குடியுங்கள் என்ற அறிவுரையும் முழு உண்மை அல்ல என்பதைப் படிக்கும் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. முக்கியக் காரணம், தேவைக்கு மேல் குடித்தது. வியர்வையில் உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். உப்பு விளைவிக்கிறவர்கள் உப்பை இழப்பது ஒரு கொடுமையான வேடிக்கை. தூக்குவாளியில் உப்புப் போட்ட நீராகாரம் கொண்டுபோகும் பழக்கத்தை நான் அதனால்தான் மதிக்கிறேன். தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் அதில் இருக்கின்றன. உப்புச்சர்க்கரைக் கரைசலின் தத்துவமும் அதுதான். இந்த அறிவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது அறிவு அல்ல, இடம்.

இந்தக் கரையில் உடலில் கட்டும் கொள்கலன்கள் புதியவையும் அல்ல. தேரிக்காட்டுப் பனையேறிகள் பதநீர் இறக்கச் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். இறக்கியதை அடுப்பில் காய்ச்சிக் கருப்பட்டியாக்கியது பெண்கள். மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறார்கள், விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். ஆக, உழைக்கும் உடலோடு கட்டிய பை, குடுக்கை, பெட்டி, சும்மாடு எல்லாம் அந்த உடலிலிருந்து ஏதோ ஒன்றை வெளியே கொண்டுபோவதற்காக உண்டானவை. அந்த உடலுக்கு உள்ளே ஏதாவது போவதற்கான பை என்று ஒன்று உருவாகவில்லை. 1961-இல் இந்தக் கரையில் நடந்த முத்துச் சலாபத்துக்குப் பிறகு முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. ஊருக்கு முத்துநகர் என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. உப்பு இன்றும் விளைகிறது.

அதே 1961-இல் இன்னொன்று நடந்தது, அதை ஊரில் அதிகம் பேர் பேசுவதில்லை. பம்பாய்ப் பகுதி உப்பளம் ஒன்றைப் பற்றிய அர்தேஷிர் பிவாண்டிவாலா வழக்கில், உப்பளம் தொழிற்சாலைச் சட்டத்தின்படி ஒரு தொழிற்சாலைதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடம் இல்லாத திறந்தவெளி எப்படித் தொழிற்சாலையாகும் என்பது உரிமையாளர் தரப்பு வாதம். திறந்த நிலமும் வளாகம்தான், கடல்நீரிலிருந்து உப்பு எடுப்பதும் உற்பத்திதான் என்றது நீதிமன்றம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு தொழிலாளர்களுக்குக் குடிநீர் வைக்கச் சொன்னது. அந்த இடத்தில் ‘குடிநீர்’ என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிவைக்கவும் சொன்னது. அடுத்த 19-ஆவது பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை கேட்டது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, குடிப்பதும் கழிப்பதும் ஒரே உடலின் இரண்டு வேலைகள் என்று.

தொழிலாளர் எண்ணிக்கையைக் காட்டி, சின்ன அளம், பெரிய அளம், குத்தகை அளம் என்று பிரித்துக் காட்டி நழுவ வழிகள் உண்டு. ஆனால் கோட்பாடு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. செத்தபின் வரும் தொகையைவிட, உயிரோடு இருக்கும்போது தட்டுமேட்டுக்கு அருகே ஒரு தண்ணீர்த்தொட்டியும் கீற்றுப் பந்தலும் கதவுள்ள அறையும் வைக்க ஆகும் செலவு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட வேண்டும்.

நான் தண்ணீர்ப் பைக்கு எதிரியில்லை. என் மாணவி அதை மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு பெண் தனக்காக, தன் உடலுக்காக ஓடுவது சின்ன விஷயமல்ல. பெண்களுக்கென்று மார்புப் பகுதியில் வாரை மாற்றித் தைத்த பைகளும் வந்திருக்கின்றன, நல்லது. ஆனால் அவளும் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னால் எவ்வளவு குடிக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறாள். வழியில் போக ஓர் இடம் இல்லை. வகுப்பறைகளுக்கு வந்தால், காலையில் நிறைத்துக் கொண்டுவந்த பாட்டிலை மாலையில் பாதிக்கு மேல் மிச்சம் வைத்து வீட்டுக்குத் திருப்பிக்கொண்டுபோகும் பெண்களை எத்தனை கல்லூரிகளிலும் பார்க்கலாம். கேட்டால் தாகமில்லை என்பார்கள். கழிப்பறை எப்படி இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் வரும். உப்பளத்து அக்காவையும் ஓடும் மாணவியையும் வர்க்கமும் சாதியும் வயதும் பிரிக்கின்றன, அதை மறைக்க நான் விரும்பவில்லை. இருந்தாலும் அந்த ஒரு கணக்கு இருவருக்கும் பொது.

எனவே இந்தப் பொருளைப் பற்றிய என் தீர்ப்பு இது. கையும் வேகமும் மட்டுமே தடையாக உள்ள உடலுக்கு இது அருமையான தீர்வு. ஓய்வும் மறைவிடமும் மறுக்கப்பட்ட உடலுக்கு இதைத் தீர்வென்று நீட்டினால், முதலாளியின் கடமையைத் தொழிலாளியின் முதுகில் ஏற்றுவதாகும். இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. தலையில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற முழக்கத்தை நம் ஊரில் எழுதும்போது நாலாவதாக ‘மறைவு’ என்று சேர்த்து எழுத வேண்டும். வெப்பச் செயல்திட்டம், தொழிலாளர் ஆய்வு, தேர்தல் அறிக்கை எதுவானாலும் தண்ணீர்ப் பந்தலைப் பற்றிப் பேசும் வரிக்கு அடுத்த வரி கழிப்பறையைப் பற்றியதாக இருக்க வேண்டும், 18-ஐ அடுத்து 19 வந்ததுபோல. அடுத்த உப்பு வாரும் பருவம் தொடங்குமுன் உங்கள் ஊர் அளத்தில் இந்த நாலும் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். வேலை பார்க்கும் பெண்களிடம் எத்தனை லிட்டர் குடிக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள்.